குழந்தைவேல் கையில் நான் கட்டிய காப்பு

கரைப்பாளையம்,
விக்கிரம வருஷம் பங்குனி மாதம் 4-ம் தேதி.

சிரஞ்சீவி மருதாசலத்துக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாரியாத்தா தயவில் நாங்கள் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கராச்சியில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்குகிறது, ஆகையால் துறைமுக ஆபீசில் எத்தனை வேலை இருந்தாலும் பத்து நாளைக்கு ஒரு கார்டாவது போடு. உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்துப் போட்டேன், அதன் காரணம் போகப்போக உனக்குத் தெரியும், முதலில் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனாலும் வாய்க்கால் ஓரத்து வாழை நன்றாகத் தார் விட்டிருக்கிறது, போன மாதம் அடித்த காற்றில் நாற்பது மரம் சாய்ந்ததோடு போயிற்று. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. வசந்தாமணி மாமனார் வீட்டிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள், அவள் பையன் எழுந்து நடக்கிறான், கண்ணில் பட்ட செம்பையெல்லாம் தூக்கிக் கிணற்றில் போடுகிறான், மாமன் எங்கே என்று கேட்டால் வாசலைக் காட்டுகிறான். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, பச்சிலை அரைத்துப் போடுகிறாள். அவள் எனக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறாள், ஆனால் பன்னிரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. அதுவும் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டிய சங்கதிதான்.

நீ கேட்டிருக்கிறாய், நானும் பெரியசாமியும் சென்றாயனும் போன பிறகு நம் காலேஜ் பாஸ்கட்பால் டீம் இந்த வருஷம் எப்படி ஆடுகிறது, மிச்சம் இருக்கிறவர்களில் நம் பங்காளி வீட்டுக் குழந்தைவேல் ஒருவன்தான் தேறியவன், அவன் தாங்குகிறானா, திருச்சி மேட்ச் என்ன ஆயிற்று, எல்லாம் ஒன்று விடாமல் எழுதுங்கள் என்று. இதே கேள்வியை ஊரில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள், நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அந்த ஆட்டத்தில் சேர்ந்தபோது, அடியில்லாத கூடையில் பந்தைப் போட்டுப் போட்டு எடுக்கிறதற்கா உன்னைச் சேலத்துக்கு அனுப்பினேன் என்று கேட்டவன் நான். பிறகு ஒரு தடவை வந்து பார்த்தேன், அதற்கப்புறம் உன் மேட்ச் ஒன்றையும் நான் விட்டதில்லை. எடப்பாடிப் பையன் பெரியசாமி கூடைக்கு அடியில் நின்றுகொண்டு மேலே போய்த் திரும்புகிற பந்தையெல்லாம் பறிப்பான், வாழப்பாடி சென்றாயன் அதை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுவான், நீ எட்டி நின்று அலட்டிக்கொள்ளாமல் போடுவாய். இப்போது பெரியசாமி பட்டாளத்துக்குப் போய்விட்டான், சென்றாயன் தகப்பன் தவறிப் போனதால் படிப்பை விட்டுக் காட்டைப் பார்க்கிறான், நீ கராச்சிக்குப் போய்விட்டாய். ஆகவே நான் நம் பக்கத்து வேலூர்ச் சந்தையிலும் பஸ் நிற்கிற இடத்துக் காப்பிக் கடையிலும் உட்கார்ந்து, மூன்று பேர் போயாச்சு, இனி அந்த டீமில் என்ன இருக்கிறது, ஒரு மேட்ச் கூட ஜெயிக்க மாட்டார்கள் பாருங்கள் என்று அடித்துச் சொன்னேன். சொல்லும்போது மூன்று பேர் என்றுதான் சொன்னேன், மனதில் இருந்தது ஒருவன்தான். நீ இல்லாமல் அது உருப்படக் கூடாது என்று ஒரு ஆசை எனக்குள் இருந்தது. அப்போது அதை ஆசை என்று நான் நினைக்கவில்லை, ஆட்டம் தெரிந்தவன் சொல்கிற கணிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர்கள் ஜெயித்தார்கள். கார்த்திகையில் கோயமுத்தூர்க்காரர்களை ஜெயித்தார்கள் என்று செய்தி வந்தது, குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். மார்கழியில் மதுரைக்காரர்களையும் ஜெயித்தார்கள், அவர்களுக்கு உடம்பு சரியில்லையாக்கும் என்றேன். காப்பிக் கடையில் என்னைப் பார்த்ததும், ஏனுங்க, இன்னைக்கு டீமு என்னங்க ஆகும், சோசியம் சொல்லுங்க என்று கேலி பண்ண ஆரம்பித்தார்கள். தை மாதம் நானே சேலம் போய்ப் பார்த்தேன். என் சாமி, உனக்கு உள்ளதை எழுதுகிறேன், அது நல்ல ஆட்டம். கூட ஆடிய நால்வரில் ஒருவன்கூடப் பெரியசாமியின் தோள் உயரம் இல்லை. குழந்தைவேல் அவர்களை நிற்கவே விடவில்லை, பந்து ஒரு கையில் இரண்டு மூச்சுக்கு மேல் தங்கவில்லை, அவனே போட்டிருக்கக்கூடிய இடத்தில்கூடப் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கொடுத்து அவனைப் போட வைத்தான். எதிராளிகள் உயரமானவர்கள்தான், ஆனால் யாரை மறிப்பது என்று அவர்களுக்குப் புரியவே இல்லை. காலேஜ் பையன்கள் எல்லாம் குழந்தைவேல், குழந்தைவேல் என்று கத்தினார்கள். என் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான், அவனிடம் நான், தம்பி, போன வருஷம் கேப்டனாக இருந்த மருதாசலத்தின் அப்பன் நான்தான் என்று சொன்னேன். அவன் மரியாதையான பையன்தான். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, யாருங்க அது என்று கேட்டான். சொன்னேன். அப்புடீங்களா, சந்தோசமுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆட்டம் முடிந்து குழந்தைவேல் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான், வேர்வையோடு காலைத் தொட்டான், பெரியப்பா, அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரியே ஆடுனனுங்களா என்று கேட்டான். நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

மாசியில் நம் ஊர் மாரியாத்தாவுக்குச் சாட்டு, திருவிழா தொடங்கிற்று. கம்பம் நடுகிற செவ்வாய்க்கிழமை குழந்தைவேல் ஊருக்கு வந்திருந்தான், அவன் ஆத்தா பாவாயியைப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிப் போவதாக இருந்தான். வெள்ளிக்கிழமை திருச்சியில் மேட்ச், அதுதான் கடைசி, அதில் ஜெயித்தால் கோப்பை. சென்னையில் டிரில் மாஸ்டர் படிப்புச் சொல்லித்தருகிற காலேஜிலிருந்து ஒருவர் வந்து பார்க்கப் போகிறார் என்றும், ஆட்டம் பிடித்தால் ஒரு பையனை எடுத்துக்கொள்வார் என்றும் பேச்சு இருந்ததாம், அது எனக்கு அப்போது தெரியாது. நம் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போக வந்தான், நான் அவனை, கம்பம் புறப்படுகிற சமயம் வந்துவிட்டுக் கும்பிடாமல் போவாயா, இருந்துவிட்டுப் போ என்று நிறுத்தினேன். ஆற்றங்கரையில் ஊர் கூடியிருந்தது, கம்பத்துக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள், யார் சுமப்பது என்று தர்மகர்த்தா என்கிற முறையில் நான் பெயர் சொல்ல வேண்டும். நம் பங்காளிகளில் தலைச்சன் பையன் ஒருவனைச் சொல்வது வழக்கம், இந்த வருஷம் மாரக்காள் பேரன் என்று முன்கூட்டியே பேசியிருந்தோம். நான் குழந்தைவேல் என்று சொன்னேன். கம்பம் சுமந்தவன் கையில் காப்புக் கட்டினால், அதை அவிழ்க்கும் நாள்வரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகப்பன் இல்லாத பையனுக்கு ஊரே கூடிக் கொடுக்கிற மரியாதை என்று பாவாயி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாக, பெரியப்பா, வெள்ளிக்கெழமை நான் திருச்சியில இருக்கோணுமுங்க, நான் சேலம் போகாட்டியும் கரூர் ஸ்டேசன்ல பசங்க எனக்காகப் பாத்துட்டு இருப்பாங்க என்றான். ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றேன். அப்போது பூசாரி ஆண்டி, ஏனுங்க, போன வருசம் உங்க பையனுக்குப் பண்ணுன மாதிரி இவனுக்கும் காப்ப நொகத்தடில கட்டிப்புடலாமுங்களே, போயிட்டு வரட்டும் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான். ஞாபகம் இருக்கிறதா சாமி? போன வருஷம் உனக்குக் கம்பம் வந்தது, அதே வாரம் சிதம்பரத்தில் உனக்கு மேட்ச் இருந்தது, நான்தான் ஆண்டியிடம் மன்றாடி உன் பெயருக்கு நம் வீட்டு நுகத்தடியில் காப்பைக் கட்டச் சொல்லி உன்னை அனுப்பினேன். அதே வாயால் இந்த வருஷம், அப்படிப் பண்ணியது தப்பு, அதனால்தான் மழை குறைந்தது, இனி ஊர்க்கட்டு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். அதற்கு மேல் யார் பேசுவார்கள்? அவன் கையை நீட்டினான். என் கையால்தான் கட்டினேன், மூன்று முடிச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வாழைத் தோட்டத்தில் இருந்தேன். அவன் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான். கரூரிலிருந்து ரயில் புறப்படுகிற நேரம் போய் வெயில் ஏறுகிறவரைக்கும் நின்றான். கல்லைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் நான் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன், அது நிஜமா என்று எனக்கே தெரியாது. அவன் தாண்டவில்லை. என் பேச்சுக்காக இல்லை, ஆத்தாவுக்குக் கட்டியது என்று அவன் முழுசாக நம்பினான். சாயங்காலம் திருச்சியில் நம் பையன்கள் தோற்றுப்போனார்கள், இருபத்தேழுக்கு இருபத்திரண்டு. ஐந்துதான் வித்தியாசம். மறுநாள் அந்த நான்கு பையன்களும் கரூரில் இறங்கி, ஆற்றைக் கடந்து, இவனுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையோ என்று பார்க்க நம் ஊருக்கே வந்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் இவன் கையில் காப்பைப் பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. பாவாயி போட்ட பொங்கலைச் சாப்பிட்டார்கள், ஒருவன் மட்டும், கடைசி அஞ்சு நிமிசத்துல பந்தக் கையில வச்சுட்டு யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியலடா என்றான். நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். இதையும் எழுதுகிறேன், தோற்றார்கள் என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. திங்கட்கிழமை சந்தைக்குப் போனேன், காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, சொன்னேனா இல்லையா, என் பையன் போனதோடு அந்த டீம் போச்சு என்றேன். இரண்டு பேர் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். கடைக்காரன் மட்டும் என்னைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே, கம்பத்துப் பையன் ஆடலீங்களாமா என்று கேட்டான்.

புதன்கிழமை காப்பு அவிழ்த்தோம். வியாழக்கிழமை குழந்தைவேலுக்கு நம் சேலம் காலேஜ் டிரில் மாஸ்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது, தபால்காரன் நம் வீட்டு வாசலில் வைத்தே அதைச் சத்தமாகப் படித்துவிட்டான். ஊர்த் திருவிழாவைப் பெரிதாக நினைத்து டீமை நட்டாற்றில் விட்ட பையனை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது, சென்னையிலிருந்து வந்த ஐயாவிடமும் அதையே சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தது. உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து என்னைப் பார்த்து, நம்ம பையனுக்கு நொகத்தடியில கட்டலீங்களா, அந்தப் புள்ள நம்மூட்டுத் தட்டத்துல சோறு தின்ன புள்ளதானுங்களே என்று கேட்டாள். அவள் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள்தான். அதற்கு நாலாம் நாள் உன் கடிதம் வந்தது. எப்போதும் அவளுக்குப் படித்துக் காட்டுவேன், பேச்சு இல்லாவிட்டாலும் வந்து தூணோரம் நின்றாள், படித்தேன். குழந்தைவேலைப் பற்றி நீ எழுதியிருந்த இடம் வந்தது. அப்பா, போன வருஷம் நான் கேப்டனாக இருந்ததற்குக் காரணம் நான் மூத்தவன் என்பதுதான், ஆட்டத்தில் அவன் என்னைவிட ஒரு படி மேல், அது எனக்கும் பெரியசாமிக்கும் தெரியும், இந்த வருஷம் அவன் கோப்பையைக் கொண்டுவந்தால் எனக்குத் தந்தி கொடுங்கள், ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கித் தருவேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்தினேன். காகிதத்தை மடித்து வைத்தேன். யாருடைய பெயர் நிற்க வேண்டும் என்று நான் அந்தக் காரியத்தைப் பண்ணினேனோ, அவனே அதைக் கேட்டால் காறித் துப்புவான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்று. சென்னையிலிருந்து ஆள் வருவது எனக்குத் தெரியாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அது பொய். நம் வீட்டுக்கு வந்தபோதே அவன் அதைச் சொன்னான், அந்தப் படிப்புக் கெடச்சா ஆத்தாளை வெத்தலக் கொடிக்காலுக்கு அனுப்பாம ஊட்டுல உக்கார வெச்சுருவேனுங்க பெரியப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னான். தெரிந்துதான் கட்டினேன். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை, உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தில்கூடப் பொய் சொல்லப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியட்டும்.

முந்தாநாள் காலையில் நான் பாவாயி வேலை செய்கிற கொடிக்காலுக்குப் போனேன். ஆத்தாளும் மகனும் வெற்றிலைக் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், காப்பு அவிழ்த்த பிறகும் அவன் காலேஜுக்குப் போகவில்லை, பரீட்சைக்குப் போனால் போதும் என்று இருந்தான். என்னைப் பார்த்ததும் பாவாயி முந்தானையை உதறிச் சரிசெய்துகொண்டு, வாங்க, தர்மகர்த்தா நம்ம கொடிக்காலத் தேடி வந்திருக்கறாரு என்று சந்தோஷமாகச் சொல்லி, வரப்பில் சாக்கைப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். ஊர் வழக்கத்துக்காக நான் அவன் பெயரைச் சொல்லவில்லை, என் மகன் பெயரை அமுக்கிவிட்டு இவன் மேலே வருகிறான் என்ற வயிற்றெரிச்சலில் சொன்னேன், அவன் திருச்சிக்குப் போகக் கூடாது என்றே கட்டினேன் என்று முழுசும் சொன்னேன். பாவாயிக்கு முதலில் புரியவில்லை, நான் ஏதோ விளையாட்டாகப் பேசுகிறேன் என்று மகன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அப்புறம் அவள், எம் பையனுக்கு ஊரு மருவாதி குடுத்துச்சுன்னு எத்தன பேருகிட்டச் சொன்னனுங்க, எங்க அண்ணனுக்கு ஆள் உட்டுச் சொல்லியனுப்புனனுங்க, எல்லாம் இதுக்குத்தானுங்களா என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, வைதிருந்தால் நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கையில் இருந்த வாழை நாரைக் கீழே போட்டுவிட்டுக் கொடி வரிசைக்குள்ளே போய்விட்டாள், நான் அங்கே இருந்தவரை வெளியே வரவேயில்லை. ஊர் கூடிய இடத்தில் எனக்குத் துண்டை இடுப்பில் கட்டிப் பழக்கமில்லை சாமி, ஐம்பத்திரண்டு வயது வரை நான் தலை குனிந்து நின்றதில்லை, அந்த வரப்பில் நின்றேன், மிதிக்காத கொடி எங்கே, மிதித்த கொடி எங்கே என்றுகூடக் கண் தெரியவில்லை.

நான் செய்ய முடிந்ததை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். நேற்று சேலம் போய் அந்த டிரில் மாஸ்டரைப் பார்த்தேன், நடந்ததைச் சொன்னேன், அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை, அது நியாயம்தான். கடைசியில் அவர், இனி நான் எழுதினால் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன் என்று சென்னைக்காரர் நினைப்பார், போன வருஷம் சிதம்பரத்தில் மருதாசலம் ஆடியதை அவர் பார்த்திருக்கிறார், அவனைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு, அவன் எழுதினால் கேட்பார், நானும் கீழே ஒரு வரி சேர்க்கிறேன் என்றார். விலாசத்தை வாங்கி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்த இடம் சித்திரை பிறந்தால் வேறு ஒருவனுக்குப் போய்விடுமாம். ஆகையால் நீ இதைப் படித்த அன்றைக்கே அவருக்கு எழுத வேண்டும். மூன்று பேரை இழந்த டீமை அவன் ஒருவனாக எப்படித் தூக்கி நிறுத்தினான் என்று உனக்குத் தெரிந்த விதத்தில் எழுது, அது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏன் அவன் திருச்சிக்கு வரவில்லை என்று அவர் கேட்பார். ஊர் வழக்கம் என்று பொதுவாக எழுதிவிடாதே, அப்படி எழுதினால் பழி மறுபடியும் அவன் மேல்தான் விழும். என் தகப்பனார் பொறாமையால் தடுத்தார் என்று என் பெயரைப் போட்டு எழுது. உன் கையால் அதை எழுதச் சொல்வது எத்தனை பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தர்மகர்த்தா வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஆண்டியிடம் சொல்லிவிட்டேன், காரணத்தை வருகிற அமாவாசைக் கூட்டத்தில் ஊருக்கும் சொல்வேன். உன் அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, சொல்லித் தெரிய வேண்டியது அவளுக்கு ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கடல் காற்றில் வேர்வையோடு நிற்காதே, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, அங்கே கிடைக்கிற ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் மோர் சாதத்துக்கு எப்படியாவது வழி பண்ணிக்கொள். ஆத்தா உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றுவாள், நீ நல்ல பெண்ணைக் கட்டிப் பிள்ளை குட்டியோடு நூறு வயது இருக்க வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இனிமேல் எத்தனை பலம் இருக்கும் என்று தெரியவில்லை, அதனால் உன் அம்மா ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதுகிறேன். சென்னைக்காரருக்குக் கடிதம், மறக்காதே, சித்திரைக்கு முன்னால்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். கொடிக்காலிலிருந்து நான் திரும்பும்போது குழந்தைவேல் பாதைவரைக்கும் கூடவே வந்தான். கைலாகு கொடுத்து வாய்க்காலைத் தாண்டவிட்டான். அப்புறம் நின்று, பெரியப்பா, எனக்குப் போனது போகட்டுமுங்க, அண்ணனுக்கு மட்டும் இத எழுதீராதீங்க, அவரு அங்க தனியா இருக்கறாரு, ஆஸ்டல்ல இருக்கறப்பவே எங்கப்பா எங்கப்பான்னு உங்களப் பத்தித்தான் பேசீட்டு இருப்பாருங்க, அவருக்கு அது வேணுமுங்க என்றான். நான் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கோட்டையன்